சூரியன் யாருடைய வாக்குக்குக் கட்டுப்பட்டது?

சூரியனைப் பற்றி மனிதன் பேசாத பேச்சு இல்லை. ஆனால், பேசியவற்றுள் எது மெய், எது பொய் என்று சூரியனையே சாட்சிக்கூண்டில் ஏற்றிக் கேட்ட சந்தர்ப்பங்கள் மிகச் சொற்பமேயாகும். அப்படிப்பட்ட ஒரு சந்தர்ப்பம் 2006ஆம் வருஷத்துக்கும் 2014ஆம் வருஷத்துக்கும் இடையில் ஏற்பட்டது. வழக்காடியவர்கள் இரண்டு கட்சியார். இருவரும் கணக்கில் கெட்டிக்காரர்கள். இருவரும் கம்ப்யூட்டர் யந்திரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள். இருவரும் சூரியனைப் பற்றி ஏறக்குறைய ஒரே கொள்கையை உடையவர்கள். அப்படியிருந்தும், ஒரு கட்சியார் அடுத்து வரும் சூரியப் புள்ளிக் காலம் முந்தியதைவிட 100க்கு 30 முதல் 50 பங்கு வரை பலமாயிருக்கும் என்றார்கள். மற்றக் கட்சியார் 100க்கு 35 பங்கு குறைந்திருக்கும் என்றார்கள். ஒரே கொள்கையிலிருந்து இப்படி வடதுருவம் தென்துருவமாக இரண்டு முடிவுகள் எப்படி வந்தன? பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணால் வந்தன. அந்த எண் இன்னதென்பதையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது இன்னதென்பதையும் எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

புள்ளியும் காந்தமும்

சூரியனுடைய முகத்தில் அங்கங்கே கருமையாகத் தெரியும் இடங்களுக்கே சூரியப் புள்ளி என்று பெயர். இவை சில வருஷங்களில் ஏராளமாகத் தோன்றுவதும், சில வருஷங்களில் அநேகமாக இல்லாமலே போவதும் ஒரு முறைப்படி நடக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் எந்தச் சர்வகலாசாலைப் பேராசிரியரும் அல்ல. ஜெர்மனியில் தெஸ்ஸௌ என்ற ஊரில் மருந்துக்கடைத் தொழில் செய்துவந்த ஸ்வாபே என்பவர், புதன் கிரகத்துக்கும் உள்ளே வேறொரு கிரகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக 1826 முதல் தினந்தோறும் சூரியனைப் பார்த்துப் புள்ளிகளைக் குறித்துவந்தார். தேடிய கிரகம் அகப்படவில்லை. ஆனால் 17 வருஷத்துக் குறிப்பையும் கூட்டிப் பார்த்தபோது, சுமார் 10 வருஷத்துக்கு ஒரு தரம் புள்ளிகள் பெருகிக் குறைகின்றன என்ற உண்மை 1843இல் அவர் கைக்கு வந்தது. பின்னால் வந்தவர்கள் சராசரி 11 வருஷம் என்று திருத்தினார்கள்.

1908இல் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையில் ஹேல் என்பவர், புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, அவ்விடத்தில் கடுமையான காந்தம் இருக்கிறது என்று ருஜுப்படுத்தினார். நம் பூமியின் காந்தத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு பலமுள்ள காந்தம் அது. கீழிருந்து மேலே வரும் சூட்டை அந்தக் காந்தம் தடுத்துவிடுவதால் அவ்விடம் சூடு குறைந்து கருப்பாகத் தெரிகின்றது. ஒவ்வொரு 11 வருஷத்துக்கும் இந்தக் காந்தத்தின் வடக்கும் தெற்கும் இடம் மாறிக்கொள்ளுகின்றன என்பதையும் ஹேலும் அவருடைய கூட்டாளிகளும் 1919இல் எடுத்துக்காட்டினார்கள்.

இங்கு ஒரு கேள்வி பிறக்கின்றது. இரும்பைச் சுமார் 770 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சினால் அதன் காந்தம் போய்விடும் என்பது பிரத்தியட்சமான சங்கதி. சூரியனுடைய மேற்புறத்திலேயே சூடு சுமார் 5,500 டிகிரி. அது இரும்புக் குண்டும் அல்ல, கொதிக்கும் வாயுக் குண்டு. அப்படியானால் அதற்குக் காந்தம் எங்கிருந்து வந்தது?

மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தம் உண்டாகும். காந்தத்துக்குள் உலோகக் கம்பி அசைந்தால் மின்சாரம் உண்டாகும். சைக்கிள் விளக்குக்கு வைத்திருக்கும் டைனமோ இந்தத் தத்துவத்தைக் கொண்டே வேலை செய்கின்றது. சூரியனுடைய வாயு மிகுந்த சூட்டினால் மின்சாரத்தைக் கடத்தக்கூடிய நிலையில் இருப்பதால், அதன் ஓட்டமே டைனமோ ஆகலாம் என்று 1919இல் லார்மர் என்ற அறிஞர் சொன்னார். உடனே எல்லோரும் கைதட்டி ஒப்புக்கொண்டுவிட்டார்களா? இல்லை. 1933இல் கவ்லிங் என்பவர், அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமைந்த காந்தத்தை எந்த ஓட்டத்தாலும் காப்பாற்றிவர முடியாது என்று கணக்குப் போட்டே காட்டிவிட்டார். சீரான ஓட்டம், சீரான காந்தம் என்ற சுலபமான வழி அதோடு அடைபட்டது. 22 வருஷம் கழித்து, 1955இல், பார்க்கர் என்ற அமெரிக்கர் அந்த அடைப்பைத் தாண்ட வழி கண்டார். அவர் கண்ட வழி என்ன? சீரின்மையேதான் வழி. கொதிப்பும் கலக்கமும்தான் வழி!

சுழற்சியின் வேலை, கலக்கத்தின் வேலை

சூரியன் பூமியைப்போல் ஒரே கட்டியாகச் சுழலுவதில்லை. அதன் நடு இடுப்பு சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. துருவங்களின் பக்கம் ஒரு சுற்றுக்குச் சுமார் 35 நாள் ஆகின்றது. காந்தக் கோடுகள் வாயுவோடு ஒட்டிக்கொண்டு போகும் தன்மையுள்ளவை. எனவே வடக்குத் தெற்காகக் கிடக்கும் கோட்டை, வேகமாய் ஓடும் இடுப்பு முன்னே இழுத்துக்கொண்டு போக, மெதுவாய் ஓடும் துருவப் பக்கம் பின்னே தங்க, அந்தக் கோடு ரப்பர் நாடாவைப்போல் நீண்டு, கதிரில் நூல் சுற்றுவதுபோல் சூரியனைச் சுற்றிக்கொள்ளுகின்றது. இப்படிக் கிழக்கு மேற்காக முறுக்கேறிய காந்தமே மேலே கிளம்பிப் புள்ளிகளாகத் தோன்றுகின்றது.

ஆனால் இதோடு நின்றால் டைனமோ பூர்த்தியாகாது. கிழக்கு மேற்கான காந்தம் மறுபடி வடக்குத் தெற்கான காந்தமாக மாறினாலல்லவா அடுத்த சுற்று நடக்கும்? இந்த வேலையைக் கொதிப்பு செய்கின்றது என்பதுதான் பார்க்கர் சொன்னது. சூரியனுடைய மேற்பகுதியில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஆழத்துக்கு வாயு, உலையில் வைத்த நீரைப்போல் கொதித்துக்கொண்டிருக்கிறது. மேலே எழும்பும் ஒவ்வொரு வாயுத் திரளையும் சூரியனுடைய சுழற்சி கயிறு திரிப்பதுபோல் திருகிவிடுகின்றது. அதோடு அதில் ஒட்டியிருக்கும் காந்தமும் திருகிக்கொண்டு திசை மாறுகின்றது. பதினோரு வருஷத்துக்குப்பின், 1966இல், கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டீன்பெக், கிராஸே, ரேட்லர் என்ற மூவர் இதை ஒழுங்கான கணித முறையாக ஆக்கினார்கள்.

அந்தக் கணிதத்தில் கொதிப்புக்கு இரண்டு வேலை உண்டென்று தெரிந்தது. ஒன்று, திருகி ஆக்குவது. மற்றொன்று, கலக்கிப் பரப்புவது. இந்த இரண்டாவது வேலைக்கே கொந்தளிப்புப் பரவல் என்று பெயர். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு நீலத்தை விட்டு அசையாமல் வைத்துப் பாருங்கள். அது வாளி முழுதும் பரவ வெகுநேரம் பிடிக்கும். கையை விட்டு இரண்டு கலக்குக் கலக்கினாலோ ஒரு நொடியில் பரவிவிடும். தண்ணீரும் அதேதான், நீலமும் அதேதான். வித்தியாசம் கலக்கத்தினால் வந்தது. சூரியனுடைய காந்தத்துக்கும் அப்படியே.

இதை வாசகர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரவ வேண்டிய தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, பரவல் எண்ணால் வகுத்தால் பரவும் காலம் வரும். கொதிக்கும் பகுதியின் ஆழம் 2 லட்சம் கிலோமீட்டர், அதாவது 2,000 கோடி சென்டிமீட்டர். அதன் அடிப்பாகத்தில், கலக்கம் இல்லாமல் மின்தடையால் மட்டும் பரவுவதானால், பரவல் எண் விநாடிக்குச் சுமார் 10,000 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் காலம் 100 கோடி வருஷத்துக்கு மேல் வரும்! 100 கோடி வருஷமாகிற காரியம் 11 வருஷத்தில் எப்படி நடக்கும்? ஆகவே சூரியனுடைய காந்தம் 11 வருஷத்துக்கு ஒரு தரம் தலைகீழாகிறது என்ற ஒரு சங்கதியே கலக்கம் வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய சாட்சியாகும்.

கலக்கம் காந்தத்தை அழிக்கிறதல்லவா, அழிப்பது எப்படி ஆக்கத்துக்கு உதவும் என்று சிலர் கேட்கலாம். பழைய காந்தம் கலைந்தாலொழியப் புதிய காந்தத்துக்கு இடமில்லை என்பதே பதில். கலக்கம் பெரிய முறுக்கைச் சிறு சிறு சிக்கல்களாக உடைக்கின்றது. அந்தச் சிறு சிக்கல்களை மின்தடை சீக்கிரத்தில் தின்றுவிடுகின்றது. சூரியனுடைய மேற்புறத்தில் இது கண்ணுக்கே தெரிகிறது. புள்ளிகள் பெரும்பாலும் ஜோடியாகத் தோன்றுகின்றன. ஜோடி கொஞ்சம் சாய்ந்து நிற்கின்றது. அவற்றுள் பின்னால் வரும் புள்ளியின் காந்தம் கலக்கத்தால் சிதறியும், துருவத்தை நோக்கி ஓடும் மெதுவான வாயு ஓட்டத்தால் இழுபட்டும் துருவத்தை அடைந்து, அங்கிருக்கும் பழைய காந்தத்தை ரத்துச் செய்து, தன் காந்தத்தை அங்கே குடியேற்றுகின்றது. இதை 1961இல் பாப்காக் எடுத்துச் சொன்னார். சிதறுவது குடிகாரன் நடையைப்போல் திக்குத் தெரியாமல் நடக்கிறது என்பதை 1964இல் லெய்ட்டன் கணக்காக்கினார். பழையதைக் கலைக்கும் அதே கைதான் புதியதைக் கொண்டுவந்து வைக்கிறது என்பதை இங்கு கவனிக்க வேண்டும்.

மற்ற நட்சத்திரங்களின் சாட்சி

இது சூரியன் ஒன்றுக்கு மாத்திரம் உரிய சங்கதி அல்ல. 1966 முதல் மவுண்ட் வில்சனில் ஓலின் வில்சன் என்பவர் சூரியனைப் போன்ற பல நட்சத்திரங்களின் காந்தச் செய்கையை வருஷக்கணக்காகக் குறித்துவந்தார். அவற்றிலும் பலவற்றில் ஏற்றத்தாழ்வுக் காலங்கள் இருப்பது தெரிந்தது. 1984இல் நாய்ஸ் முதலியவர்கள், ஒரு நட்சத்திரத்தின் காந்தச் செய்கை அதன் சுழற்சிக் காலத்தை மட்டும் பொறுத்ததல்ல, அந்தச் சுழற்சிக் காலம் அதனுள் ஒரு வாயுத் திரள் புரண்டுவர ஆகும் காலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது என்று காட்டினார்கள். சுழற்சி தனியாகவோ கலக்கம் தனியாகவோ அல்ல, இரண்டுக்கும் உள்ள விகிதமே முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

சுழற்சி மிகுந்தால் கலக்கமே உருமாறுகின்றது. வாயுத் திரள்கள் சுழலும் அச்சின் நெடுக நீண்டு, குறுக்கே ஒடுங்கிவிடுகின்றன. அதனால் கலக்கத்தின் பரப்பும் சக்தியும் குறைகிறது என்று கணக்குகள் சொல்லுகின்றன. வேகமாகச் சுழலும் இளம் நட்சத்திரங்களில் காந்தச் செய்கை ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடுவதைப் பிரத்தியட்சமாகப் பார்த்திருக்கிறார்கள். அது ஏன் நிற்கிறது என்பது இன்னும் தீராத விவகாரம். காந்தம் நட்சத்திரத்தின் சுழற்சிக்கே பிரேக் போடுவதும் உண்டு. கார்த்திகைக் கூட்டம் முதலியவற்றின் நட்சத்திரங்களையும் சூரியனையும் ஒப்பிட்டு, வயது நாலு மடங்கானால் வேகம் பாதியாகும் என்ற கணக்கை 1972இல் ஸ்குமானிச் வெளியிட்டார். சுழற்சி காந்தத்தை ஆக்க, அந்தக் காந்தமே சுழற்சியைக் குறைக்க, குறைந்த சுழற்சி கலக்கத்தை மாற்ற, இப்படி ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டு நடக்கிறதே தவிர, இதில் யாதொன்றும் தனி எஜமான் அல்ல.

வழக்கும் தீர்ப்பும்

இனி வழக்குக்கு வருவோம். 2006இல் அமெரிக்காவில் போல்டர் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் திக்பதி, டி டோமா, கில்மன் என்பவர்கள், 24ஆவது புள்ளிக் காலம் 23ஆவதைவிடப் பலமாயிருக்கும் என்று வெளியிட்டார்கள். 2007இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சௌதுரியும், அவரோடு சட்டர்ஜி, ஜியாங் என்பவர்களும் பலவீனமாயிருக்கும் என்று வெளியிட்டார்கள். கொதிக்கும் பகுதியின் உட்புறத்துக்கு முதல் கட்சியார் வைத்த பரவல் எண் சுமார் 5,000 கோடி. இரண்டாவது கட்சியார் வடக்குத் தெற்கான காந்தத்துக்கு வைத்த எண் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் கோடி. ஏறக்குறைய 50 மடங்கு வித்தியாசம்.

மேலே சொன்ன கணக்கையே இங்கும் போட்டுப் பாருங்கள். முதல் எண்ணுக்குப் பரவும் காலம் சுமார் 250 வருஷம் வரும். இரண்டாவது எண்ணுக்குச் சுமார் 5 வருஷம் வரும். இதன் கருத்தென்ன? முதல் கணக்குப்படி சூரியன் பழைய சங்கதிகளைச் சீக்கிரம் மறப்பதில்லை; முந்திய இரண்டு மூன்று காலங்களின் காந்தம் உள்ளே தங்கி அடுத்த காலத்தை நிர்ணயிக்கும். அந்தப் பழைய காலங்கள் பலமானவையாதலால் புதியதும் பலமாகும் என்றாயிற்று. இரண்டாவது கணக்குப்படி சூரியன் 11 வருஷத்துக்குள் மறந்துவிடும். கடைசியாகத் துருவத்தில் சேர்ந்த காந்தம் மாத்திரமே அடுத்ததை நிர்ணயிக்கும். அந்தச் சமயம் துருவக் காந்தம் மெலிந்திருந்ததால் புதியதும் மெலியும் என்றாயிற்று. துருவக் காந்தத்தை மட்டும் பார்த்து, யாதொரு பெரிய யந்திரக் கணக்கும் இல்லாமலே, ஸ்வால்கார்ட் முதலியவர்கள் 2005இலேயே அடுத்தது மெலிந்தது என்று சொல்லியிருந்தார்கள். 2007இல் இதற்காக அமெரிக்காவில் கூடிய நிபுணர் கமிட்டியோ ஒரு முடிவுக்கும் வராமல் இரண்டாகப் பிரிந்து நின்றது.

தீர்ப்பு எந்தக் கமிட்டியின் ஓட்டினாலும் வரவில்லை. 2014 ஏப்ரலில் 24ஆவது காலம் உச்சிக்கு வந்தது. சராசரிப்படுத்திய புள்ளி எண் 116. அதற்கு முந்திய காலத்தின் உச்சி 180. அதாவது 100க்கு 35 பங்கு குறைவு. சுமார் 100 வருஷத்தில் இவ்வளவு மெலிந்த காலம் வந்ததில்லை. யாருக்கு எவ்வளவு பெரிய யந்திரம் இருந்தது, யார் எந்தத் தேசத்தார் என்று சூரியன் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

ஜெயித்தவர்களைத் தூக்கிவைத்து ஆடுவதற்கும், தோற்றவர்களைப் பரிகசிப்பதற்கும் இதை நாம் எழுதவில்லை. தோற்றவர்கள் செய்த காரியத்தை யோசித்துப் பாருங்கள். "பலமாயிருந்தாலும் இருக்கும், சமயத்தில் குறைந்தாலும் குறையும்" என்று வழுக்கிப் பேசாமல், 100க்கு இத்தனை பங்கு என்று எண்ணைப் போட்டு, தாங்கள் வைத்துக்கொண்ட பரவல் எண்ணையும் அச்சில் கொடுத்து, எட்டு வருஷத்துக்கு முன்பே வெளியிட்டார்கள். அதனாலல்லவா பிழை எங்கே என்று மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது? பொய்யாகக்கூடிய வார்த்தையைத் தைரியமாகச் சொல்லுகிறவனே அறிவுக்கு உதவி செய்கிறவன். எந்தக் காலத்திலும் பொய்யாகாதபடி பேசுகிற ஜோசியக்காரனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

அதேபோல், ஜெயித்ததாலேயே 2 லட்சத்து 40 ஆயிரம் கோடி என்பது வேதவாக்காகிவிடாது. வாயு, காந்தத்தைக் கீழ்நோக்கித் தள்ளும் வேறொரு செய்கையைக் கணக்கில் சேர்த்தால், சிறிய பரவல் எண்ணை வைத்தும் சூரியனுடைய ஞாபகம் ஒரு காலத்தோடு முடியும் என்று 2012இல் காரக், நந்தி என்ற இருவர் காட்டினார்கள். சூரியனுக்கு ஞாபகம் குறைவு என்பது நூறு வருஷத்துத் துருவக் குறிப்புகளைக் கொண்டு 2013இல் வேறு சிலராலும் காட்டப்பட்டது. ஆனால் ஞாபகம் குறைவதற்குக் காரணம் இன்னதுதான் என்பது வேறு கேள்வி. அன்றியும், 2019இல் கூடிய கமிட்டி 25ஆவது காலம் 2025 ஜூலையில் 115 என்ற உச்சியை அடையும் என்றது. நடந்ததென்ன? 2024 அக்டோபரில் சுமார் 160 என்ற உச்சி வந்தது. சூரியன் இந்தத் தரமும் கமிட்டியைக் கேட்டு நடக்கவில்லை.

இதனால் யாருக்கு என்ன?

எட்டாத தூரத்திலுள்ள சூரியனுடைய கலக்கத்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 1989 மார்ச்சில் சூரியனிலிருந்து வந்த காந்தப் புயலால் கனடாவில் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் ஜனங்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். 2022 பிப்ரவரியில், பெரிய புயல் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு காந்தப் புயலினால் மேல்காற்று தடித்து, அனுப்பிய 49 செயற்கைக் கிரகங்களில் சுமார் 40 விழுந்துபோயின. போன், கப்பல், ஆகாய விமானம், மின்சாரக் கம்பி ஆகிய எல்லாம் இன்று சூரியனுடைய காந்தத்தின் வழியில் நிற்கின்றன. அடுத்த 11 வருஷம் எப்படியிருக்கும் என்பது வெறும் பண்டித வேடிக்கையல்ல.

எனவே நாம் சொல்ல விரும்புவது இரண்டே. முதலாவது, சூரியனைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல வருகிறவர்கள், தாங்கள் உள்ளே வைத்த பரவல் எண் என்ன, அது அளந்து வந்ததா, அல்லது விடை சரிப்படுவதற்காக வைத்துக்கொண்டதா என்பதை ஜனங்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சூரியனுடைய மேற்புறத்தில் இந்த எண்ணைப் பார்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள். உட்புறத்தில் அப்படி நேராக அளந்தவர் இல்லை. அளக்காததை அளந்ததுபோல் பேசுவது யாருக்கும் அழகல்ல.

இரண்டாவது, பணத்தையும் மரியாதையையும் யந்திரக் கணக்குக்கே கொட்டிக் கொடுத்துவிட்டு, தினந்தோறும் பார்த்துக் குறிக்கும் வேலையைப் பட்டினி போடக்கூடாது. வழக்கைத் தீர்த்தவை குறிப்புகளே. ஸ்டான்போர்டில் 1976 முதல் துருவக் காந்தத்தை அளந்துவராவிட்டால் துருவம் மெலிந்தது யாருக்குத் தெரிந்திருக்கும்? நம் கொடைக்கானல் மலையில், 1909இல் எவர்ஷெட் என்பவர் புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறம் ஓடுவதைக் கண்ட அதே ஆராய்ச்சி நிலையத்தில், 20ஆம் நூற்றாண்டின் துவக்கம் முதல் எடுத்துவைத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. எடுத்தவர்களில் பலருக்கு அவை எதற்குப் பயன்படும் என்பதே தெரிந்திருக்க முடியாது. இன்று அவற்றைக்கொண்டு, காந்தத்தை அளக்கும் கருவிகள் இல்லாத காலத்துத் துருவக் காந்தத்தையும் மதிப்பிடுகிறார்கள். மேகமில்லாத நாளெல்லாம் அலுக்காமல் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தவன் செய்த தொண்டு, எந்தப் பெரிய கணக்குக்கும் குறைந்ததல்ல.

சூரியன் யாருடைய வாக்குக்கும் கட்டுப்பட்டதல்ல. நம் வாக்குதான் சூரியனுக்குக் கட்டுப்பட வேண்டும். 26ஆவது காலத்தைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள், யாராயிருந்தாலும், எண்ணை முன்னால் அச்சில் வைத்துவிட்டுப் பேசட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.